சைக்கிளில் போய்ச் சொன்ன கேதம்

உயிரோடு இருக்கிற மனைவிக்கு நானே போய்க் கேதம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன், வெளிநாட்டில் மற்றவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் இப்படிச் செய்வானா என்று வாசகர்கள் சந்தேகப்படலாம். என் மனைவி ராஜி சந்தேகப்படவில்லை. “நீங்க செய்யக்கூடிய ஆளுதான்” என்றாள்.

கேதம் என்றால் சாவு. கேதம் சொல்வது என்றால் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நான் சொல்லப் போனது அதுவல்ல. ஒரு கல்யாணச் சேதிக்கு முன்னோட்டம் பார்க்கத்தான் போனேன்.

வாசலில் ஒற்றைக் கால்

விடிந்தும் விடியாத நேரம். நரிக்குடிக்குக் கொஞ்சம் முந்தி, கண்மாய்க் கரையை ஒட்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே இருக்கிற என் மச்சான் பூமிநாதன் இந்தப் பத்திரிகையை வாரந்தவறாமல் படிக்கிறவர். ராஜியின் உடன்பிறந்த அண்ணன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலைப் பெடலில் வைத்தபடி நின்றேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி தாண்டி அவ்வளவு தூரமும் எதிர்க்காற்று. புழுதி அடித்துக் கண்ணிரண்டிலும் தண்ணீர். மூச்சு வாங்கிற்று. மேலும் கீழும் கறுப்பு உடுப்பு. சிங்கப்பூரில் எங்கள் சைக்கிள் குழுவுக்கென்று தைத்தது. தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மச்சானின் மனைவி காளீஸ்வரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

“வாங்கண்ணே. என்ன விடியமுன்ன? ராஜி வரலையா?”

பேச வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“உள்ள வாங்கண்ணே. தண்ணியாச்சும் குடிங்க.”

என் புட்டியிலிருந்த உப்புத் தண்ணீரை அப்போதுதான் குடித்திருந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மச்சான் எங்கே என்று கேட்டேன். வயக்காட்டுப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னாள்.

“வந்தா வீட்டுக்கு வரச் சொல்லும்மா. இன்னைக்கே வரச் சொல்லு. பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிற வேணாம்னு சொல்லு. நான் இன்னும் ரெண்டு ஊரு போகணும்.”

காளீஸ்வரி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். என் பணிவு அவளை உருக்கிவிட்டது என்று நினைத்தேன். உருகட்டும் என்று பெடலை மிதித்தேன். என் சைக்கிளில் செருப்பைப் பெடலோடு பூட்டிக்கொள்ள வேண்டும். அதில் கவனமாக இருந்ததால் ‘போயிட்டு வாரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வாசகர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு முன்னால், நான் ஏன் அங்கே அந்தக் கோலத்தில் போய் நின்றேன் என்பதற்கு ஒரு சிங்கப்பூர்க் கதை இருக்கிறது.

ஒரே பெடலில் இரண்டு வேலை

வெளிநாட்டில் தமிழன் தனிமையில் வாடுகிறான் என்று எழுதுகிறவர்கள் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூருக்கு வந்து என்னோடு இருக்க வேண்டும். காலையில் ஒரு வளைகாப்பு. மதியம் ஒரு பிறந்தநாள். சாயங்காலம் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கூட்டம். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் நிலம் என்ன விலை போகும் என்று, அங்கே ஒரு சென்ட்டும் இல்லாதவர்கள் சண்டை போடுவார்கள். ஊரில் இருந்திருந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருக்கக்கூடிய ஆட்கள், அங்கே அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட முடியாது. படம் எடுத்து உடனே போனில் போட்டுவிடுவார்கள்.

இதற்கு நடுவில் சர்க்கரை வந்தது. மருத்துவர் உடம்பை அசைக்கச் சொன்னார். சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு விடியலில் கடற்கரையோரம் கிளம்பும் ஒரு குழுவில் சேர்ந்தேன். தலைவர் ஓய்வுபெற்ற சீனர்; யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அவருக்கு வளைகாப்பு என்றால் என்னவென்று விளக்கிப் பார்த்தேன். “பிள்ளை பிறந்துவிட்டதா?” என்றார். இன்னும் இல்லை என்றேன். “அப்படியானால் ஏன் அவசரம்?” என்று போய்விட்டார்.

இரண்டையும் விட மனமில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தேன். விசேஷ வீடுகளுக்குச் சைக்கிளிலேயே போவது. முதுகுப் பையில் மடித்த வேட்டி. கட்டடத்துக்குக் கீழே நின்று, உடுப்புக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, உள்ளே போய்ச் சிரித்து, படத்தில் நின்று, வேட்டியை உருவிக்கொண்டு அடுத்த வீடு.

ஒருமுறை இந்த வேகத்தில் முகம் தெரியாத ஒரு குழந்தையை ஆசீர்வதித்து, கேக்கும் வாங்கித் தின்றுவிட்டேன். நான் போக வேண்டிய பிறந்தநாள் பக்கத்துக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் தகப்பனார் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறார். போகாத வீட்டுக்காரர்தான் பேசுவதில்லை.

இவ்வளவுக்கும் மேல் போனில் ஒரு செயலி. வாரம் யார் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று வரிசை போட்டு எல்லோருக்கும் காட்டும். மகள் கல்யாணத்துக்காக, அவள் பின்னால் வரட்டும் என்று, ராஜியும் நானும் முதலில் ஒரு மாத விடுப்பில் ஊருக்குக் கிளம்பும்போது என் கவலை இரண்டு. ஒன்று கல்யாணம். மற்றொன்று, அந்த வரிசையில் என் பெயர் அடியில் போய்விடுமே என்பது. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றினேன். சொந்தக்காரர்களுக்குத் தைலமும் சாக்லேட்டும் வைக்க வேண்டிய எடையை அது தின்றுவிட்டது. ராஜி மதுரை வரைக்கும் பேசவில்லை.

சோற்றில் கை வைக்காமல் போனவள்

கல்யாணத்துக்கு எல்லாம் அமைந்தது. தாய்மாமன் மட்டும் அமையவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மாலை எடுத்துப் போடத் தாய்மாமன் வேண்டும். சீர் கொண்டுவர வேண்டும். அவர் வரவில்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்குள் நுழையும்போதே ‘மாமன் எங்க?’ என்பார்கள். அதற்குப் பிறகு எத்தனை பாயசம் ஊற்றினாலும் வாய் ஓயாது. ராஜிக்கு உடன்பிறந்தது பூமிநாதன் ஒருவர்தான். அவர் எங்களோடு பேசிச் சில வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் சொத்தில்லை. நாங்கள் வந்திருந்த ஒரு விடுப்பில் அவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். அன்றைக்கு எங்களுக்கு மூன்று விசேஷம். பாலவனத்தத்தில் ஒன்று, டவுனில் ஒன்று, கடைசியாக மச்சான் வீடு. சொந்த வீடுதானே, தாமதமானாலும் கோபிக்க மாட்டார் என்று கடைசியில் வைத்தோம். போய்ச் சேரும்போது பந்தி முடிந்திருந்தது. மச்சான் சாப்பிடாமல் தங்கைக்காக உட்கார்ந்திருந்தார். இரண்டு இடத்தில் தின்ற வயிறு. ராஜி இலை வேண்டாம் என்றாள். வெளியே காரும் இஞ்சினை நிறுத்தாமல் நின்றது.

நாங்கள் கிளம்பிய பிறகு அவர் சொன்னது மறுநாள் எங்களுக்கு வந்து சேர்ந்தது. “எம் புது வீட்டுல சோத்துல கை வைக்காமப் போனவ, இனிமே இந்த வாசலுக்கு வர வேண்டியதில்ல.”

இந்த முறை ஊருக்கு வந்ததும் ஆள் விட்டோம். மச்சான் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை வைத்து நேரில் போவதுதான் முறை. போய், அவர் வாங்காமல் திண்டாட விட்டால்? ராஜி அதை நினைத்தே சரியாகத் தூங்காமல் இருந்தாள். பந்தல்காரர் வந்து அளவெடுத்துவிட்டுப் போன அன்று, எத்தனை அடி என்று கேட்டேன். “எத்தன அடி போட்டு என்ன” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முறையாகப் போவதற்கு முன்னால் நான் மட்டும் போய் ஆழம் பார்த்துவிட்டு வருவது. சைக்கிளில் போனால் செயலியிலும் தூரம் ஏறும். ஒரே பெடலில் இரண்டு வேலை. ராஜி எழுவதற்கு முன்னால் இருட்டோடு கிளம்பினேன்.

கருவேல முள்

இப்போது விளக்கம். எங்கள் பக்கத்தில் இந்தப் போன் காலத்திலும் நெருங்கிய சொந்தத்துக்குக் கேதம் சொல்ல ஆள்தான் போக வேண்டும். போனில் சொன்னால் மதிப்பில்லை. முன்பெல்லாம் அந்த ஆள் சைக்கிளில் வருவார். தனியாக வருவார். விடியும் முன்னே வந்து வாசலிலேயே நிற்பார். உள்ளே வர மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்பார், ‘போயிட்டு வாரேன்’ சொல்லாமல் திரும்புவார்.

இருபது வயதுவரை இந்த மண்ணில் வளர்ந்தவன் நான். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சைக்கிள் ஏறி உட்கார்ந்ததும் நான் சிங்கப்பூர்க்காரன் ஆகிவிடுகிறேன்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனே கேதம் சொல்லவும் வருவானா என்று வாசகர் கேட்கலாம். மச்சான் வயக்காட்டிலிருந்து ஓடிவந்ததும் காளீஸ்வரியும் அதைத்தான் கேட்டாளாம். அவர் சொன்ன பதிலைப் பிறகு கேள்விப்பட்டேன். “அவருக்கு ஆளு விட ஊருல யாரு இருக்கா? வீடு வீடாப் போனாரே ஒழிய, எந்த வீட்டுல உக்காந்தாரு?”

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். செயலி தூரத்தை அளந்து அளந்து போனின் உயிரை உறிஞ்சிவிட்டிருந்தது. ராஜியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டை ஒட்டி ரெங்கசாமி என்பவரின் விசைத்தறி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ் பேசுகிற குடும்பம். விடிந்ததும் தறி ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் போன் அடிப்பதென்ன, ஆள் கத்தினால்கூடக் கேட்காது. ராஜி போனை எடுக்கவில்லை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நானோ, வந்த வழியே திரும்பாமல் தூரத்தைக் கூட்டுவதற்காகக் கண்மாய்க் கரைப் பாதையில் திரும்பியிருந்தேன். என் சைக்கிளின் டயர் பெருவிரல் அகலம்தான் இருக்கும். எங்கள் ஊர்க் கருவேல முள் அதற்கு மரியாதை கொடுக்கவில்லை. முன்னால் ஒன்று ஏறியது. அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரமும் பெருமூச்சு விட்டது. ஒட்டுப்போட வைத்திருந்த பசை வெயிலில் காய்ந்து போயிருந்தது. பருத்திக் கொல்லைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த ஆடு மேய்க்கும் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆடுகளை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனாள். தார் ரோட்டுக்கு வந்து, ஒரு டிராக்டர்காரரைக் கெஞ்சி ஏறி, டவுன் எல்லையில் இறங்கினேன்.

தறி நின்ற தெரு

எங்கள் தெருவில் திரும்பியதும் முதலில் தெரிந்தது சத்தமில்லாமல் இருந்ததுதான். தறி ஓடவில்லை. பண்டிகை தவிர அந்த நேரத்தில் அது நின்று நான் பார்த்ததில்லை.

அடுத்து ஒரு லோடு வண்டி. அதன் பக்கவாட்டில் பெரிய ரோஜா மாலை தொங்கியது. எங்கள் வாசலில் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சுவரோரமாக மச்சான் துண்டில் முகத்தைப் புதைத்தபடி நின்றார்.

பேசாதவர் என் வீட்டு வாசலில் நிற்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராஜிக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. கிளம்பும்போது அவள் தூங்குகிறாளா என்று பார்த்தேனே தவிர, எப்படித் தூங்குகிறாள் என்று பார்க்கவில்லை. சைக்கிள் கையை விட்டு விழுந்தது. கல்யாணம், மாமன், சிங்கப்பூர், எதுவும் மனதில் இல்லை. இருட்டில் போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் பாதம் மட்டும் நினைவுக்கு வந்தது. மின்விசிறிக் காற்றுக்குக் குளிருமே என்று இழுத்து மூடியிருக்கலாம்.

வண்டியருகே நின்ற ஒருவரிடம், “என்ன ஆச்சு? யாருக்கு?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அழுது சிவந்த கண்ணோடு ராஜி வாசலுக்கு வந்தாள். “அந்தா நிக்கிறாரு பாருண்ணே, என்னையக் கொன்னுபுட்டு ஊரு சுத்திட்டு வாராரு.”

முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் திட்டு எனக்கு அப்படி இனித்ததில்லை. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை ரெங்கசாமி சொன்னார். ஒப்பாரியோடு வண்டி வந்து நின்றதும், பக்கத்து வீட்டில் சாவு என்று மரியாதைக்காகத் தறியை நிறுத்தியிருக்கிறார். மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்த ராஜி, தறி ஏன் நின்றது, மின்சாரம் போய்விட்டதா என்று பார்க்கக் கீழே வந்திருக்கிறாள். ஒப்பாரி பாதியில் நின்றதாம். மச்சான் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். பிறகுதான் அண்ணனும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுத அழுகை. நான் பார்த்தது அந்த அழுகையின் மிச்சம்.

வாளித் தண்ணீர்

கீழே கிடந்த பையை ராஜி எடுத்தாள். மச்சான் பிடுங்கப் பார்த்தார். அதற்குள் அவள் பிரித்துவிட்டாள். உள்ளே புடவை. கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். பெரும்பாலும் நூல் புடவைதான் எடுப்பார்கள், மண்ணுக்குப் போவதுதானே. மச்சான் திருச்சுழியில் கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து கடையைத் திறக்கச் சொல்லி, மயில் கழுத்து நிறத்தில் பட்டு எடுத்திருந்தார்.

ராஜி அதன் மடிப்பைப் பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்தாள்.

“நான் செத்தாத்தான் பட்டு எடுப்பியாண்ணே?”

“அதக் கீழ போடு தாயி. தொடாத” என்றார் மச்சான். “சாமி சத்தியமா, ஒரு வார்த்த பேசிருக்கலாமேன்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன்.”

அடுத்து ஒரு சிக்கல் முளைத்தது. கேதத்துக்கென்று கிளம்பி வந்த காலோடு, கல்யாணப் பந்தல் போடப்போகிற வீட்டுக்குள் நுழையலாமா? வண்டியில் வந்த பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சாவே இல்லாதபோது தீட்டு எங்கிருந்து வந்தது என்றது ஒரு கட்சி. கிளம்பும்போது மனசில் சாவு இருந்ததா இல்லையா என்றது மறு கட்சி. இதைத் தீர்த்துவைக்க ஏதாவது நூலில் ஆதாரம் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராஜி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அண்ணன் தலையில் ஊற்றினாள். அவர் ‘ஏ, ஏ’ என்று நெளிவதற்குள் அடுத்த வாளி. காளீஸ்வரி தானாகவே வந்து தலையைக் குனிந்தாள். எனக்கும் கேட்காமலே ஒரு வாளி கிடைத்தது.

மச்சான் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தோசை தின்றார். மாவு தீரும்வரை தின்றார். ராஜி பக்கத்திலேயே நின்று ஊற்றினாள். இருவரும் பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டினியில் உப்பு குறைவு என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். ரெங்கசாமி தறியை மறுபடி ஓட விட்டார். வெளியே வண்டியில் தொங்கிய மாலையைத் தெரு ஆடு ஒன்று பாதிவரை முடித்திருந்தது. யாரும் விரட்டவில்லை.

புறப்படும்போது மச்சான் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். “மாப்ள, நாளைக்கு ரெண்டு பேருமாப் பத்திரிகை வைக்க வாங்க. கார்ல வாங்க. கார அனுப்பிச்சுட்டு உக்காந்து சாப்பிடணும்.”

விளக்கமும் விடையும்

போனோம். காரை அனுப்பிவிட்டோம். மச்சான் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோடியாக எடுத்த பட்டைக் கடைக்காரர் வேறு புடவையாக மாற்றிக் கொடுத்திருந்தார்; யாருக்காக எடுத்தாரோ அவள் பிழைத்துவிட்டாள் என்று கேட்டு அவருக்கே சந்தோஷமாம். ராஜி அதை அங்கேயே கட்டிக்கொண்டு வந்து, அண்ணன் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தாள். நான் அன்றைக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாய்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. சாம்பாரில் மிதந்த வெண்டைக்காயைக்கூட நிதானமாகப் பார்த்தேன்.

மனம் லேசானதும் எனக்குப் பேச்சு வரும். கேதம் சொல்லும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தனியாக வந்தது, காலை ஊன்றி நின்றது, தண்ணீரை மறுத்தது, விடைபெறாமல் திரும்பியது, இவையெல்லாம் நம் மக்கள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தால் இப்படி ஒரு தப்பர்த்தம் நேரும் என்று எடுத்துச் சொன்னேன். மச்சான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ரசம் ஊற்ற வந்த காளீஸ்வரி கரண்டியை நிறுத்தினாள்.

“அதெல்லாம் எனக்குத் தோணவே இல்லண்ணே. ராஜி உசுரோட இருந்தா உங்கள அந்த உடுப்போட வாசலத் தாண்ட விட்டுருப்பாளா? அதப் பாத்துத்தான் நான் அழவே ஆரம்பிச்சேன்.”